ஆறு விரல் சுரம்

மே 15, வியாழன்

இரண்டாவது நோட்டைத் தொடங்கியிருக்கிறேன். முதல் நோட்டு முழுக்க என் பெயர்தான். ஆண்டிச்சாமி, ஆண்டிச்சாமி, ஆண்டிச்சாமி. மாலை வகுப்பு ரோகிணி டீச்சர், “உங்க பேரு உங்களுக்கு வந்துருச்சுங்கய்யா. இனிமே அன்னன்னைக்கு நடந்தத எழுதுங்க” என்றார். அறுபத்தொன்பது வயதில் வீட்டுப்பாடம். என் மனைவி செல்லக்கிளி சிரிக்கிறாள். அவளுக்கு இதைப் படிக்கத் தெரியாது. அதனால் தைரியமாக எழுதலாம்.

நடந்தது இதுதான். அந்தோணியார் கோயில் ஃபாதர் என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். எங்கள் பேண்டு செட் இருபத்தெட்டு வருடமாக அந்தக் கோயில் திருவிழாவுக்கு வாசிக்கிறது. தேர் போகிற தெருவெல்லாம் வாசிப்போம். தேர் நிலைக்கு வந்ததும் வாசலோடு கிளம்பிவிடுவோம். இந்த வருடம் ஃபாதர் சொன்னார்: “ஆண்டிச்சாமி, ஜூன் பதிமூணாந்தேதி பூசையில நன்மை அப்பம் குடுக்கும்போது ஒரு பாட்டு. பாடகர் குழு பாடும், நீங்க ஒருத்தர் மட்டும் சாக்ஸபோன். உள்ள வந்து வாசிக்கணும்.”

சரி என்று தலையை ஆட்டினேன்.

இவ்வளவு எழுத ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. விரல் வலிக்கிறது. நல்ல வலி.

மே 16, வெள்ளி

பாட்டைப் போனில் போட்டுக் கேட்டேன். மெதுவான பாட்டு. ஒரே சுரத்தில் மூன்று இடத்தில் வந்து நிற்கிறது. எந்தச் சுரம் என்று வாசித்துப் பார்த்தேன். ஆறு விரல் சுரம்.

சாக்ஸில் ஆறு விரலும் மூடி, கட்டை விரலையும் அமுக்கினால் வருகிற நடுச் சுரம் அது. எல்லா சாக்ஸிலும் அது கொஞ்சம் கம்மும். என்னுடையதில் போர்வைக்குள் இருந்து பேசுகிற மாதிரி கேட்கும். தெருவில் அதைப் பற்றிக் கவலையில்லை. முத்துப்பாண்டி அடிக்கிற ட்ரம்மில் எந்தக் கம்மலும் தெரியாது. கோயிலுக்கு உள்ளே ட்ரம் கிடையாது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வரிசையில் போவார்கள். அங்கே கம்மினால்?

செல்லூரில் ரிப்பேர் பார்க்கும் பீமாராவிடம் கொடுக்கலாம். ஒரு மாதம் வைத்துக்கொள்வார். அவருக்கு டீ குடிப்பதுதான் தொழில், ரிப்பேர் நடுவில் வருகிற தொந்தரவு.

நானே செய்தால் என்ன?

மே 17, சனி

செய்துவிட்டேன்.

ஆறு விரலை மூடும்போது காற்று வெளியே வருவது அதற்குக் கீழே இருக்கிற பெரிய மூடி வழியாக. வலது சுண்டு விரலுக்கு உரிய மூடி. அது அரைக் கண் திறந்தால் சுரமும் அரைக் கண்தான் திறக்கும். திருமங்கலத்தில் ஒரு கல்யாணத்தில் இன்னொரு செட்டுக்காரர் சாக்ஸைப் பார்த்தேன். அதில் மூடிகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. சத்தம் அப்படி ஒரு பளிச்.

மூடி மேலே போய் முட்டுகிற இடத்தில் கம்பளி வில்லை ஒன்று ஒட்டியிருக்கும். அதை பிளேடால் சீவினேன். ஒரு ரூபாய்க் காசு கனம். மூடி அவ்வளவு உயரம் கூடுதலாகத் திறந்தது. வாசித்தேன்.

கம்மல் இல்லை. நாற்பது வருடமாக எனக்குள் அடைத்திருந்த ஏதோ ஒன்று விலகிய மாதிரி இருந்தது. திரும்பத் திரும்ப அந்த ஒரே சுரத்தை வாசித்தேன். செல்லக்கிளி அடுப்படியில் இருந்து, “வேற பாட்டே இல்லையா உங்களுக்கு?” என்றாள்.

இருக்கிறது. இதுதான் பாட்டு.

மே 18, ஞாயிறு

ஒரு சங்கடம். ஆறு விரல் பளிச்சென்று ஆனதும், அதற்குப் பக்கத்தில் இருக்கிற ஐந்து விரலும் நான்கு விரலும் மங்கலாகத் தெரிகின்றன. ஒரு சுவருக்கு மட்டும் வெள்ளையடித்த வீடு மாதிரி. முன்பு இவை மங்கல் என்றே எனக்குத் தெரியாது.

மேல் மூடிகளுக்குக் கீழே, அவற்றைத் தாங்கும் காலில் சின்னக் கார்க் துண்டு ஒட்டியிருக்கும். ஐந்து மூடியில் அதைச் சீவினேன். ஒவ்வொன்றிலும் ஒரு அரிசி கனம். இப்போது எல்லாம் ஒன்றுபோலப் பளிச்.

மே 21, புதன்

மேல் ஸ்தாயி பின்தங்குகிறது. அங்கே மூன்று மூடிகளில் கார்க் முழுவதையும் எடுத்துவிட்டேன். போதவில்லை. அரம் எடுத்து அந்த மூன்று கால்களின் பித்தளையையும் தேய்த்தேன். ஒரு நகக் கனம் இருக்கும்.

கார்க் போனால் வாங்கலாம். பித்தளையை? ஆனால் நிறுத்த முடியவில்லை. ஒன்றைத் தொட்டால் அடுத்தது கூப்பிடுகிறது.

விரல் அமுக்கும்போது முதலில் வெறுமனே கொஞ்சம் இறங்கி, பிறகுதான் மூடி பிடிக்கிறது. டக் டக் என்று ஒரு சத்தம். பழகிவிடும்.

மே 25, ஞாயிறு

பழங்காநத்தத்தில் கல்யாணம். சாக்ஸை மாற்றிய பிறகு செட்டோடு முதல் வாசிப்பு. காலையில் இருந்து சோறு இறங்கவில்லை.

எங்கள் செட்டில் ஒரு வழக்கம். கிளம்பும் முன் எல்லோரும் என்னைச் சுற்றி நிற்பார்கள். நான் ஒரு சுரம் கொடுப்பேன். கிளாரினெட் ஸ்டீபன், டிரம்பெட் ஜூடு, மற்றவர்கள் எல்லோரும் அதற்குச் சுருதி சேர்த்துக்கொள்வார்கள். முன்னால் இருந்த மாஸ்டர் இறந்த நாளில் இருந்து என் சுருதிதான் செட்டின் சுருதி.

இன்று ஸ்டீபன் சேர்க்க ரொம்ப நேரம் எடுத்தான். கிளாரினெட்டின் கழுத்தை உள்ளே தள்ளித் தள்ளிப் பார்த்தான். முத்துப்பாண்டி, “மாப்ள, இன்னும் தள்ளுன, அந்தப் பக்கமா வெளிய வந்துரும்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டீபன் மட்டும் சிரிக்கவில்லை.

கிளம்பினோம். செட் முழுக்க ஒரே குரல். என் பயம் போய்விட்டது. மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து, “இன்னைக்கு என்னண்ணே, சத்தம் அம்புட்டு தூக்கலா இருக்கு” என்றார்.

பேருந்தில் வரும்போது எதிரே வந்த வண்டிகளின் பலகையை எல்லாம் படித்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் விடவில்லை.

மே 29, வியாழன்

கோயிலில் ஒத்திகை ஞாயிறு என்று ஃபாதர் சொல்லி அனுப்பினார். சாக்ஸைத் துடைத்தேன். வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

பூசை முடிந்ததும் ஒத்திகை. ஜெஸி டீச்சர் கீபோர்டு. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். பாடும் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனேன். தரை குளுகுளுவென்று இருந்தது. என்னைப் பீடத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள்.

கீபோர்டு தொடங்கியது. நான் சேர்ந்தேன். இரண்டு வரி தாண்டவில்லை. முன் வரிசையில் ஒரு பெண் பிள்ளை முகத்தைச் சுளித்தது. ஜெஸி டீச்சர் நிறுத்தினார்.

“ஐயா, சேர்த்துக்கிறீங்களா?”

நான், “நீங்க சேருங்கம்மா” என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. “இது பெட்டிங்கய்யா. இது அப்படியே நிக்கும். நீங்கதான் வரணும்” என்றார்.

மறுபடி வாசித்தோம். இப்போது எனக்கே கேட்டது. நான் ஒரு தெருவிலும் அவர்கள் பக்கத்துத் தெருவிலும் போகிற மாதிரி. சுருதியில் நான் மேலே நிற்கிறேன். ஏறிப்போய் நிற்கிறேன். அந்தப் பிள்ளை மறுபடி முகத்தைச் சுளித்தது.

ஜெஸி டீச்சர், “வியாழக்கிழம திரும்பப் பாக்கலாங்கய்யா” என்றார். ஃபாதர் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்க்காமல் பார்த்தார்.

ஜூன் 2, திங்கள்

பெட்டிதான் இறங்கிப்போச்சு. அப்படித்தான் இருக்கணும். பழைய பெட்டி. என் செட்டுல ஒருத்தன் ஒரு வார்த்த சொல்லலையே. ஏழு பேர் வாசிச்சோமே. ஏழு பேருக்குமா காது கெட்டுப்போச்சு?

பெட்டி எப்படி இறங்கும்?

ஸ்டீபன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே கேட்டேன். “பழங்காநத்தத்துல நான் ஏறி இருந்தேனாடா?”

அவன் கிளாரினெட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை. “இருந்தீங்கண்ணே.”

“எம்புட்டு?”

“கழுத்த முழுசா உள்ள தள்ளியும் பத்தல. உதட்ட இறுக்கித்தான் புடிச்சேன். ஜூடுக்கும் அதேதான். ராத்திரி வாயி வீங்கிப்போச்சுன்னான்.”

“ஏன்டா சொல்லல?”

“யாருண்ணே சொல்றது? இருவத்தெட்டு வருசமா நீங்கதான் சுருதி. நீங்க ஏறுனா நாங்களும் ஏறுவோம். நீங்க இறங்குனா இறங்குவோம். அதான செட்டு.”

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. “இனிமே சொல்லு” என்றேன்.

“சொல்றேண்ணே” என்றான். சொல்ல மாட்டான் என்று அவன் குரலிலேயே தெரிந்தது.

ஜூன் 3, செவ்வாய்

மவுத்பீஸை வெளியே இழுத்து வாசித்தேன். சாக்ஸ் இறங்கவேண்டும் என்றால் அதைத்தான் செய்வோம். மேல் ஸ்தாயி இறங்கியது, தேவைக்கு மேல் இறங்கியது. கீழ்ச் சுரங்கள் இறங்கவே இல்லை. ஏணியில் ஒரு படி இங்கே, ஒரு படி அங்கே. மூடி கூடுதலாகத் திறந்தால் சுருதியும் ஏறும்; நான் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு அளவு திறந்துவைத்திருக்கிறேன். ஒன்றை வைத்து மற்றதைத் திருத்தினேன். இப்போது எதை வைத்து எதைத் திருத்துவது?

பத்து நாள் இருக்கிறது. வேறு சாக்ஸ் வாங்கி வாசிக்கலாமா? வேறொருவன் சாக்ஸ் என் விரலுக்கு வராது. ஃபாதரிடம் முடியாது என்று சொல்லிவிடலாமா?

செல்லக்கிளியிடம் சொன்னேன். “அரத்த வச்சுத் தேச்சீங்களா? அந்தச் சாக்ஸையா?” என்றாள். அரத்தை எடுத்துப் பரணில் போட்டாள்.

ஜூன் 4, புதன்

கோயிலில் கொடி ஏறியது. செட்டோடு போய் வாசித்தேன். ஒவ்வொரு சுரத்திலும் ஸ்டீபன் உதட்டைத்தான் பார்த்தேன். பாவம், எப்படி இறுக்குகிறான். இதைப் பழங்காநத்தத்தில் நான் பார்க்காமலே வாசித்திருக்கிறேன்.

முடிந்ததும் ஜெஸி டீச்சர் கூப்பிட்டார். “ஐயா, யோசிச்சேன். இந்தப் பெட்டியிலயும் ஒரு வசதி இருக்கு. சுருதிய மொத்தமா கொஞ்சம் ஏத்தலாம். நீங்க நிக்கிற எடத்துக்குப் பக்கமா கொண்டுவந்துர்றேன். பிள்ளைங்க பாடிருவாங்க. யாருக்கும் தெரியாது.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல மனுசி. வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பெட்டி ஏறும். பன்னிரண்டு பிள்ளைகள் ஏறுவார்கள். கோயில் முழுக்க ஏறும். நான் வாசிப்பேன். அந்த ஆறு விரல் சுரம் பளிச்சென்று கேட்கும். யாருக்கும் தெரியாது.

இந்தக் கடைசி வரியை மூன்று முறை படித்தேன்.

ஜூன் 5, வியாழன்

காலையிலேயே ஜெஸி டீச்சருக்குப் போன் செய்தேன். பெட்டியைத் தொடவேண்டாம், இன்றைய ஒத்திகைக்கு நான் வரவில்லை, பன்னிரண்டாம் தேதி வருகிறேன் என்று சொன்னேன். “வந்துருவீங்கள்லய்யா?” என்றார். “வந்துருவேம்மா” என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ.

நேரே செல்லூர். பீமாராவ் கடை தறிச் சத்தத்துக்கு நடுவில் இருக்கிறது. அந்த இரைச்சலில் அவர் எப்படித்தான் சுரம் பார்ப்பாரோ. சாக்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு காலாகப் பார்த்தார். அரம் பட்ட இடத்தில் கட்டை விரலால் தடவினார்.

“யாரு செஞ்சது?”

“நான்தான்.”

“பித்தளைக்கு மயிரு மாதிரி மொளைக்கும்னு நெனச்சீங்களா?”

அரம் பட்ட மற்ற இரண்டு கால்களையும் காட்டினேன்.

“கார்க்க ரெண்டு அடுக்கா வச்சு ஒட்டலாம். கொஞ்சம் மெத்துனு இருக்கும், பரவால்ல. ஆனா எது எம்புட்டு உசரத்துல இருந்துச்சு? அளவு எடுத்து வச்சீங்களா?”

அளவு. நான் என்ன அளவு எடுத்தேன்? பிறகுதான் பையில் நோட்டு இருப்பது நினைவுக்கு வந்தது. எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொரு ஆளுக்கு, நான் எழுதியதை, சத்தமாகப் படித்துக் காட்டினேன். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் படித்தேன். பெரிய மூடி, ஒரு ரூபாய்க் காசு கனம். ஐந்து மூடி, ஒரு அரிசி கனம். மேலே மூன்று, கார்க் முழுவதும், அதோடு ஒரு நகக் கனம். பீமாராவ் பழைய பில்லின் பின்பக்கம் குறித்துக்கொண்டே வந்தார். பயத்துக்கு நடுவிலும் எனக்குள் ஒரு சந்தோஷம். என் எழுத்தை வைத்து ஒருவர் வேலை செய்கிறார்.

“முன்னாடி என்ன எழுதியிருக்கு? அதுலயும் அளவு இருக்கா?” என்று எட்டிப் பார்த்தார்.

இல்லை என்று மூடப் போனேன். அதற்குள் படித்துவிட்டார். மே 16. டீ குடிப்பதுதான் தொழில், ரிப்பேர் நடுவில் வருகிற தொந்தரவு.

குறித்துக்கொண்டிருந்த பில்லைக் கீழே வைத்தார்.

“எழுத்து குண்டு குண்டா நல்லா இருக்கு” என்றார். பிறகு எதிர்க்கடையைப் பார்த்து, “ரெண்டு டீ” என்று குரல் கொடுத்தார். “என் தொழிலுக்கு ஒண்ணு, வந்தவருக்கு ஒண்ணு.”

பத்தாம் தேதி வரச் சொன்னார்.

ஜூன் 8, ஞாயிறு

சாக்ஸ் இல்லாத வீடு. விரல் தானாகத் தொடையில் வாசிக்கிறது. செல்லக்கிளி, “வெங்காயம் உரிங்க. வெரலுக்கு வேல இருக்கும்” என்றாள். உரித்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஆகவில்லை. கார்க் ஒட்டியது காயவில்லையாம். மூன்று மூடிகள் இன்னும் தட்டில் கழற்றிக் கிடக்கின்றன. நாளைக்கு என்றார். நாளைக்கும் இல்லையென்றால்? நோட்டில் அவரைப் பற்றி எழுதியதற்காகத் தாமதம் செய்கிறாரா? அப்படிப்பட்ட ஆள் இல்லை. இல்லைதானே?

ஜூன் 11, புதன்

கொடுத்துவிட்டார். கடையிலேயே வாசித்தேன். விரலுக்குக் கீழே மெத்தென்று இருக்கிறது, புதுச் செருப்பு மாதிரி. டக் டக் போய்விட்டது. ஏணியின் படிகள் சரியாக நிற்கின்றன.

ஆறு விரல் கம்முகிறது. பழையபடி.

“அத மட்டும் கொஞ்சம் திறந்து வைக்கலாமா?” என்று கேட்டேன்.

பீமாராவ் சொன்னார்: “அரைக் காசு கனம் விட்டுருக்கேன். அதுக்கு மேல போனா பக்கத்துல இருக்கறவன் சண்டைக்கு வருவான். அங்கதான ஆரம்பிச்சீங்க.”

ஜூன் 12, வியாழன்

ஒத்திகை. கோயிலுக்குள் போனேன். பன்னிரண்டு பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். முகம் சுளித்த பிள்ளை தோழியின் காதில் என்னவோ சொன்னது.

ஜெஸி டீச்சர் பக்கத்தில் போய், “அம்மா, ஒரு சுரம் குடுங்க” என்றேன். இந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. நாக்கு அதைப் புது எழுத்தைப் போலக் கூட்டிக் கூட்டிச் சொன்னது. அவர் கொடுத்தார். அதற்குச் சேர்த்தேன். மவுத்பீஸை உள்ளே கொஞ்சம், வெளியே கொஞ்சம், மறுபடி உள்ளே. அவர் விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தார். அவசரப்படுத்தவில்லை.

வாசித்தோம். ஒரே தெரு.

நாளை.

ஜூன் 13, வெள்ளி

வாசித்தேன்.

கோயில் நிறைந்து வெளியேயும் ஆட்கள். நன்மை வாங்க வரிசை நகர்ந்தது. செருப்பில்லாத கால்கள் தரையில் உரசுகிற சத்தம் மட்டும்தான். முதல் இடத்தில் ஆறு விரல் வந்தது. கம்மியது. நான் அழுத்தி ஊதாமல் மெல்ல விட்டேன். இரண்டாவது இடத்தில் பிள்ளைகளின் குரல் மேலே இருந்தது, நான் கீழே போய் நின்றேன். மூன்றாவது இடத்தில் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது.

ஃபாதர் கையைப் பிடித்துக்கொண்டார். ஜெஸி டீச்சர், “அடுத்த வருசமும் வரணும்” என்றார்.

செல்லக்கிளி கடைசிப் பெஞ்சில் இருந்தாள். வரும் வழியில் கேட்டேன், எப்படி இருந்தது என்று.

“நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல ஒரு எடத்துல இருமுனீங்களோ?”

ஜூன் 22, ஞாயிறு

திருப்பரங்குன்றத்தில் கல்யாணம். மண்டபத்து வாசலில் எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். வழக்கம்போல நான் சுரம் கொடுத்தேன். ஜூடு டிரம்பெட்டைத் தூக்கினான். ஸ்டீபன் கிளாரினெட்டைத் தூக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

“என்னடா?”

அவன் தரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். “அண்ணே, ஏறி நிக்கிது.”

முத்துப்பாண்டி ட்ரம் வாரைச் சரி செய்கிறவன் மாதிரி குனிந்துகொண்டான். எனக்குச் சுருக்கென்றது. காது சூடாகிவிட்டது. மண்டபத்து ஆட்கள் வேறு நிற்கிறார்கள். காலையில் இருந்து வெயிலில் நின்ற சாக்ஸ். சூட்டில் சுருதி ஏறத்தான் செய்யும். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மவுத்பீஸை இழுத்தேன். வாசித்தேன். “இப்ப?”

“இன்னும் ஒரு நூலு” என்றான்.

இழுத்தேன்.